இரண்டு சாண்

எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம்.
முதலில் வேலி. பிறகு என் மாடு,
பிறகு அவளுடைய முட்டைக்கோஸ்.
அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை.

ஆனால் ஸ்வானேத்தியின் இந்த மேட்டு ஊரில்
ஓடுகிற நிலையில் உள்ள டெலிகா வண்டி
என்னிடம்தான் இருக்கிறது.
ஜூலையில் ஒரு காலை லாமாரா
வேலிக்கு அந்தப் பக்கமே நின்று சொன்னாள்:
நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
மூன்று இடத்தில் நீ காத்து நிற்க வேண்டும்.
டீசலுக்குப் பணம் தந்துவிடுவேன்.

ஒரு தாளும் நீட்டினாள்.
தபால் நிலையக் கையெழுத்து,
ஒவ்வோர் எழுத்தும் முத்திரை குத்தியதுபோல.

எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே.
உட்கார விடாதே.
அழுதால் உப்பு கொடு.
போதும் என்று நான் சொன்னால்
உனக்குக் காது கேட்காது.

கடைசி வரியில் சிரிப்பு வந்தது.
மூன்று வருஷமாக அதைத்தானே செய்கிறேன்.

முதல் இடத்தில் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
ஆணியில் மாட்டிய பையை எடுப்பதுபோல்
தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள்.
இரவு முழுக்க மலைமேல் விளக்குகள்.
எது அவள், எது ஆட்டுக்காரன்?
எதற்கும் இருக்கட்டும் என்று
எல்லாவற்றையும் எண்ணினேன்.

இரண்டாவது இடம் அதிஷி ஆறு.
விடியலில் முழங்கால்வரை.
வெயில் ஏற ஏறப் பனியாறு உருகி
இடுப்பைப் பிடிக்கும்.
விடியலில் வர வேண்டியவள்
பத்து மணிக்கும் வரவில்லை.

குதிரைக்காரன் பெஷ்கெனுக்கு இருபது லாரி கொடுத்து
நான் மட்டும் நனையாமல் அக்கரை சேர்ந்தேன்.
வேகவைத்த உருளைக்கிழங்கு,
பூண்டு இடித்த எங்கள் ஊர் உப்பு,
ஃபிளாஸ்கில் தேநீர், எல்லாம் பரப்பி வைத்தேன்.
உலர்ந்த காலுறைகள் இருந்த பையை
ஓர் ஆட்டுநாய் கவ்விக்கொண்டு போனது.
துரத்தினேன். நாய்க்கு நான்கு கால்.

திரும்பினால், ஆற்றின் நடுவில் லாமாரா.
சாம்பல் நிறத் தண்ணீர்.
அடியில் கற்கள் உருளும் சத்தம்,
யாரோ பாதாளத்தில் வீடு மாற்றுவதுபோல.
கை கொடுத்தால் விதிப்படி அவள் ஓட்டம் முடிந்துவிடும்.
இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.
அவை என் பேச்சைக் கேட்கிற கைகள் இல்லை.

கரையேறி உட்கார்ந்துவிட்டாள்.
விட்டுவிட்டேன்.
தாளில் இருந்ததில் ஒன்று போயிற்று.

உப்புத் தொட்ட கிழங்கை வாயில் வைத்தபடி
என்னையல்ல, ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்:
அந்த வேலியை நான்தான் நகர்த்தினேன், பிமுர்ஸா.
இரண்டு சாண்.
நீ வைக்கோல் வெட்டப் போயிருந்த அன்று.

எனக்குத் தெரியும்.
மறுநாளே அளந்து பார்த்தவன் நான்.
மாடு தானாகக் கதவைத் திறக்கவில்லை என்று
அப்போது சொல்லியிருக்கலாம்.
தாளில் அதற்கு வரி இல்லை.
சாப்பிடு என்றேன்.
போதும் என்றாள்.
எனக்குக் காது கேட்கவில்லை.

பூட்ஸைக் கழற்றி
என் காலில் இருந்த பழுப்புக் கம்பளிக் காலுறைகளை
அவளுக்குப் போட்டுவிட்டேன்.
முழங்கால்வரை வந்தன, நாறின.
மூக்கைச் சுளித்தாள்.
இருபத்தேழு மணி நேரத்தில்
அவள் முகத்தில் வந்த முதல் உயிர் அது.

கணவாய் தாண்டி அவளுக்குப் பதினான்கு கிலோமீட்டர்.
மலையைச் சுற்றி எனக்கு எழுபது.
வெறுங்கால் பூட்ஸுக்குள் வழுக்க,
ஒவ்வொரு கிளட்சுக்கும் குதிகால் கொஞ்சம் உரிந்தது.

மூன்றாவது இடம்.
தேநீர் மறுபடி சூடாகிறது.
சொன்னது அவளுக்கு நினைவிருக்குமா,
அல்லது ஆற்றோடு போய்விட்டதா?
நான் எதை முதலில் சொல்வது,
கதவையா, நாயையா?

சரிவில், வெள்ளைப் பூப்புதர்களுக்கு நடுவே
ஏதோ இறங்குகிறது. மாடாகவும் இருக்கலாம்.
கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன்.
மாடுகள் கம்பளிக் காலுறை போடுவதில்லை.